கோர்ட் வாசல் வரை துணைக்குப் போகிறவர்களுக்கு: அமெரிக்காவில் குடும்ப வன்முறையும் ஐஸ் பயமும், முழுமையான வழிகாட்டி

"அக்கா, கோர்ட்டுக்குப் போனா ஐஸ் பிடிச்சுக்கிட்டுப் போயிடுமாமே, நிஜமா?"

2025-இலிருந்து என் காதில் அதிகம் விழுந்த கேள்வி இது. ஐஸ் என்பது அமெரிக்க மத்திய அரசின் குடியேற்ற அமலாக்கத் துறை. கேட்பவர் பெரும்பாலும் குளியலறைக்குள் நின்று, குழாயைத் திறந்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசுவார். இதற்கு நம் ஆட்கள் இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, தைரியமா வா" என்பது ஒன்று. "இப்ப நிலைமை சரியில்ல, கொஞ்ச நாள் அனுசரிச்சுப் போ" என்பது இன்னொன்று. இரண்டும் தப்பு. முதலாவது நம்மால் காப்பாற்ற முடியாத வாக்கு. இரண்டாவது அவளை அடிக்கிறவன் கையிலேயே திருப்பிக் கொடுப்பது. அவளுடைய காகிதங்கள் எப்படி இருக்கின்றன, எந்த மாநிலம், எந்தக் கட்டிடம் என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். அதை எப்படிப் பார்ப்பது என்றுதான் எழுதப் போகிறேன்.

நான் வக்கீல் இல்லை. குடும்ப நீதிமன்றத்துக்குப் பெண்களோடு துணைக்குப் போய் உட்கார்ந்தவள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரராகவோ தோழியாகவோ அத்தை மகளாகவோ நீங்களும் அப்படிப் போக வேண்டி வரலாம்.

முதலில் போன்

சட்டத்தைப் பேசுவதற்கு முன்னால் போனைப் பேச வேண்டும். நம் வீடுகளில் கணவர் ஐடி வேலைக்காரர். போன் ஃபேமிலி பிளானில் இருக்கும், பில் அவர் பெயரில் வரும். ஐகிளவுட் பாஸ்வேர்டும் வாசல் கேமராவும் வைஃபை ரவுட்டரும் அவர் கையில். கார் எங்கே நிற்கிறது என்று ஆப்பே சொல்லிவிடும். இந்த நிலைமையில் நீங்கள் வாட்ஸ்அப்பில் "ரெஸ்ட்ரெயினிங் ஆர்டர் போடலாம்டி" என்று அனுப்பினால், அது அவருக்கும் போய்ச் சேரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக லொகேஷனை உடனே அணைக்கச் சொல்லாதீர்கள். திடீரென்று அணைந்தால் அன்று ராத்திரியே சந்தேகம் வரும். அந்த போன் இருக்கிறபடியே இருக்கட்டும். முக்கியமான பேச்சு எல்லாம் நூலகக் கம்ப்யூட்டரிலோ உங்கள் போனிலோ நடக்கட்டும். புது மின்னஞ்சல் ஒன்றை வெளியில் உட்கார்ந்து தொடங்கி வெளியில் மட்டும் திறக்கட்டும். தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, எந்நேரமும் எடுப்பார்கள். அவள் போனிலிருந்து அழைத்தால் பில்லில் அந்த எண் வரும், அதனால் உங்கள் போனைக் கொடுங்கள். தமிழ் வேண்டும் என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இணைக்க முயல்வார்கள்.

தெற்காசியப் பெண்களுக்கென்றே இயங்கும் அமைப்புகளும் இருக்கின்றன. நியூ ஜெர்சியில் 1985-இல் தொடங்கிய மானவி, நியூயார்க்கில் சகி, கலிஃபோர்னியா வளைகுடாப் பகுதியில் மைத்ரி, நாரிகா, சிகாகோவில் அப்னா கர், ஹூஸ்டனில் தயா, அட்லாண்டாவில் ரக்‌ஷா. மாமியார் கொடுமை, நகை, சீதனம் என்றால் என்ன என்று இவர்களுக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே முதல் அழைப்பை இங்கே போடச் சொல்வேன்.

இங்கே ஒரு சொல் நம்மவர்களைக் குழப்பும். அமைப்பிலிருந்து வருகிறவரை "அட்வகேட்" என்பார்கள். நம் ஊரில் அட்வகேட் என்றால் வக்கீல். இங்கே அந்தச் சொல் துணைக்கு நிற்கும் பணியாளரைக் குறிக்கிறது. ஒரு பெண் மூன்று வாரம் "எனக்கு வக்கீல் இருக்காங்க" என்று நிம்மதியாக இருந்துவிட்டு, விசாரணை நாளில் எதிர்ப்பக்கம் மட்டும் கோட்டு போட்ட வக்கீல் எழுந்து நின்றதைப் பார்த்து உறைந்துபோனாள். முதல் நாளே கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்: இவர் வக்கீலா, அட்வகேட்டா? இருவருமே தேவைதான், ஆனால் வேலை வேறு வேறு.

காகிதங்களை எடுத்துப் பார்ப்பது

பயத்தின் அளவு காகிதத்தைப் பொறுத்தது. அவளிடம் ஐந்து விஷயம் கேளுங்கள். எந்த விசாவில் வந்தாள்? ஐ-94, அதாவது எதுவரை தங்கலாம் என்ற பதிவு, எந்தத் தேதி வரை? கணவர் சிட்டிசனா, கிரீன் கார்டா, எச்-1பியா? குடியேற்ற நீதிமன்றத்திலிருந்து எப்போதாவது நோட்டீஸ் வந்ததா? போலீஸ் அவளை எப்போதாவது கைது செய்ததுண்டா?

ஐ-94 விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அரசு இணையதளத்தில் பார்த்தால் கடைசியாக நாட்டுக்குள் நுழைந்தபோது கொடுத்த தேதிதான் தெரியும். உள்ளேயே இருந்து எச்-4 (எச்-1பி வேலை விசாக்காரரின் மனைவிக்கான விசா) நீட்டிப்பு வாங்கியிருந்தால் புதுத் தேதி ஐ-797 ஒப்புதல் கடிதத்தின் அடிப்பகுதியில் இருக்கும். அந்தக் கடிதம் பெரும்பாலும் கணவரின் ஃபைலில்தான் இருக்கும். சிலர் தன் எச்-1பியை நீட்டித்துக்கொண்டு மனைவியின் எச்-4-ஐ வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். தனக்கு அந்தஸ்து முடிந்து எட்டு மாதம் ஆனது அவளுக்கே தெரியாது. அதனால் "எனக்கு எல்லாம் சரியா இருக்கு" என்று அவள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் காகிதத்தைப் பாருங்கள். முடிந்தால் போட்டோ எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்த பிறகு நிலைமை ஏறக்குறைய இப்படிப் பிரியும். செல்லுபடியாகும் எச்-4 அல்லது கிரீன் கார்டு இருந்து, கைது எதுவும் இல்லையென்றால் பாதுகாப்பு ஆணை, அதாவது அவர் நெருங்கக் கூடாது என்ற ரெஸ்ட்ரெயினிங் ஆர்டர், கேட்டுப் போவதில் குடியேற்ற ஆபத்து குறைவு. விசா முடிந்தும் தங்கியிருப்பவர் முதலில் குடியேற்ற வக்கீலைப் பார்த்துவிட்டு, கட்டிடத்துக்குள் நேரில் போகாமல் முடிக்கும் வழியைத் தேட வேண்டும். ஏற்கனவே நாடு கடத்தும் ஆணை இருப்பவர், அல்லது இருக்கிறதோ என்று சந்தேகப்படுபவர், வக்கீலிடம் பேசாமல் எந்தக் கோர்ட்டுக்கும் போகக் கூடாது. ஆணை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள குடியேற்றத் துறை அவளுக்குக் கொடுத்த ஏ நம்பரை வைத்துக் குடியேற்ற நீதிமன்றத்தின் தானியங்கி எண்ணில், 1-800-898-7180, கேட்கலாம்.

வக்கீலும் இரண்டு வகையாக வேண்டும். பாதுகாப்பு ஆணைக்குக் குடும்பச் சட்டம் தெரிந்தவர், விசாவுக்குக் குடியேற்றச் சட்டம் தெரிந்தவர். "நானே ஃபார்ம் நிரப்பித் தர்றேன்" என்று சொல்லும் கன்சல்டன்ட் யாரையும் நம்பாதீர்கள். வக்கீலாகவோ, நீதித் துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாகவோ இல்லாதவர் குடியேற்ற ஆலோசனை சொல்லக் கூடாது. தவறாகப் போட்ட மனு மறுக்கப்பட்டால் அதிலிருந்தே நாடு கடத்தல் வழக்கு தொடங்கலாம்.

"ஐஸுக்கு போன் போடுவேன்" என்கிற மிரட்டல்

இதைத்தான் அடிக்கிறவர்கள் கையில் கயிறு மாதிரி வைத்திருக்கிறார்கள். அது எவ்வளவு வலுவானது?

1996-இல் தொடங்கி, பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தின் அடுத்தடுத்த திருத்தங்களில் விரிவான ஒரு கூட்டாட்சிச் சட்டப் பிரிவு இருக்கிறது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் தலைப்பு 8, பிரிவு 1367. வன்முறை செய்தவர் கொடுத்த தகவலை மட்டுமே வைத்து, பாதிக்கப்பட்டவருக்கு எதிராகக் குடியேற்ற அதிகாரிகள் முடிவெடுக்கக் கூடாது என்கிறது அது. அவள் குடியேற்றப் பாதுகாப்பு கேட்டுப் போட்ட மனுவைப் பற்றி வெளியே சொல்லவும் கூடாது. வேண்டுமென்றே மீறும் அதிகாரிக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 டாலர் வரை அபராதம். பாதுகாப்பு ஆணை, குழந்தை வளர்ப்புரிமை போன்ற வழக்குக்காக வந்த இடத்தில், அல்லது அடைக்கல இல்லத்தில், அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தால், இந்த விதியை மீறவில்லை என்று வழக்குத் தாளிலேயே சான்றளிக்க வேண்டும்.

கவனியுங்கள், கோர்ட் வாசலில் பிடிக்கவே கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. கணவர் சொன்னார் என்பதை மட்டும் வைத்து அவள் மேல் கை வைக்கக் கூடாது என்கிறது. அவளுக்கு அந்தஸ்து இல்லை என்பதை வேறு பதிவிலிருந்து தாங்களே கண்டுபிடித்தால் நடவடிக்கை எடுக்கலாம். ஆகவே மிரட்டல் பாதி பொய், பாதி உண்மை. அந்த மிரட்டலே அவளுக்கு ஆதாரமாகவும் ஆகலாம். கலிஃபோர்னியாவின் குடும்பச் சட்டம் 6320-ஆம் பிரிவில், குடியேற்ற நிலையை வைத்து மிரட்டி அடக்கி வைப்பதையே குடும்ப வன்முறையின் ஒரு வடிவமாகச் சேர்த்திருக்கிறது. "டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிடுவேன்" என்று வந்த வாய்ஸ் மெசேஜை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கோர்ட் என்றால் எந்தக் கோர்ட்

வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களை நானும் பார்க்கிறேன். முகமூடி போட்ட அதிகாரிகள் நடைபாதையில் காத்திருந்து ஆளைப் பிடித்துப் போகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை 2025 மே மாதத்திலிருந்து குடியேற்ற நீதிமன்றங்களில் எடுத்தவை. அது மத்திய அரசின் நீதித் துறைக்குக் கீழே வேறு கட்டிடத்தில் நடப்பது. பாதுகாப்பு ஆணை கொடுப்பது மாநிலத்தின் குடும்ப நீதிமன்றம். இந்த வேறுபாட்டைச் சொன்னதுமே பாதிப் பேருக்கு மூச்சு சீராகும்.

ஆனாலும் மாநில நீதிமன்றங்களில் ஒன்றும் நடக்கவே நடக்காது என்றில்லை. 2017 பிப்ரவரியில் டெக்சாஸின் எல் பாசோ கவுண்டி நீதிமன்றத்தில், பாதுகாப்பு ஆணை கேட்டு வந்த ஒருவரையே அதிகாரிகள் கைது செய்தார்கள். நாடே அதிர்ந்த சம்பவம் அது. 2025 ஜனவரியில் புது அரசு வந்ததும் பழைய கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டு, கோர்ட்டிலும் கோர்ட்டைச் சுற்றியும் கைது செய்யலாம் என்று ஐஸ் புது வழிகாட்டுதல் போட்டது. மே மாதம் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். அதே தாளில், குடும்ப நீதிமன்றம் போன்று குற்ற வழக்கு நடக்காத இடங்களைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. "பொதுவாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே கட்டிடத்தில் கீழ்த்தளம் குற்ற வழக்கு, மேல்தளம் குடும்ப வழக்கு என்று இருந்தால் வாசல் ஒன்றுதான்.

மாநிலச் சட்டமும் ஊருக்கு ஊர் வேறு. நியூயார்க்கில் 2020 டிசம்பரில் வந்த சட்டம், கோர்ட்டுக்கு வருகிறவர், போகிறவர் யாரையும் நீதிபதி கையெழுத்திட்ட வாரன்ட் இல்லாமல் குடியேற்றக் காரணத்துக்காகக் கைது செய்யக் கூடாது என்கிறது. மத்திய அரசு அதை எதிர்த்து வழக்குப் போட்டது, 2025 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. கலிஃபோர்னியா, வாஷிங்டன், கொலராடோ, ஆரிகன் மாநிலங்களிலும் இதேபோன்ற பாதுகாப்பு உண்டு. டெக்சாஸில் கிடையாது. அதனால் டாலஸில் இருக்கும் அண்ணி நியூயார்க் கதையைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. உள்ளூர் அமைப்புக்கு போன் போட்டு நேராகக் கேளுங்கள்: "இந்தக் கட்டிடத்தில் சமீபத்தில் ஐஸ் வந்திருக்கிறதா? எந்தப் பக்கம் வந்தார்கள்?" தினமும் அங்கே போய் வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நேரில் போகாமல் முடியுமா

எனக்குப் பிடித்த வழி இதுதான். கோவிட் காலத்துக்குப் பிறகு பல மாநிலங்களில் இது சாத்தியமாகிவிட்டது, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

பல கவுண்டிகளில் மனுவை இணையத்திலேயே போடலாம். கலிஃபோர்னியாவில் குடும்ப வன்முறைத் தடை ஆணை விசாரணைக்கு வீடியோவிலோ போனிலோ வரலாம், கட்டணம் இல்லை. நியூ ஜெர்சியில் கோர்ட் மூடிய நேரத்திலும் காவல் நிலையத்திலிருந்தே தற்காலிக ஆணை வாங்கலாம், நீதிபதி போனில் கேட்டு முடிவு சொல்வார். நேரில் வரச் சொன்னால், பாதுகாப்புக் காரணத்துக்காக வீடியோ வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். அந்தக் கடிதத்தில் குடியேற்ற நிலையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். "அவரை நேரில் பார்க்கப் பயமாக இருக்கிறது" என்பது உண்மை, அதுவே போதும்.

வீடியோவில் வருவதென்றால் எங்கே உட்கார்ந்து வருவது என்பது முக்கியம். பின்னால் தெரியும் சுவர், ஜன்னல், காலண்டரை வைத்துக்கூட இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். என் வீட்டிலிருந்து பேசிய ஒரு பெண்ணின் பின்னால், எங்கள் ஊர்க் கோயில் பெயர் போட்ட தினசரிக் காலண்டர் தொங்கியதைக் கடைசி நிமிடத்தில்தான் பார்த்தேன். எழுந்து ஓடிக் கழற்றினேன்.

மனுவை எழுதுவது

பாதுகாப்பு ஆணைக்குக் கட்டணம் கிடையாது. கலிஃபோர்னியாவின் டிவி-100 போன்ற மனுப் படிவங்களில் குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை. கேட்காததைச் சொல்ல வேண்டாம். "நான் விசா முடிந்து இருக்கிறேன், அதனால்தான் இத்தனை நாள் வரவில்லை" என்று மனுவில் எழுதினால் அது கோர்ட் பதிவில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் வழக்கில் இருக்கிறதா என்பதை வக்கீல் முடிவு செய்யட்டும். தெரியாமல் பொய் எழுதிவிடவும் கூடாது, கையெழுத்து சத்தியத்தின் பேரில் போடுவது.

முகவரியை மறைத்து வைக்கச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலான மாநிலங்களில் முகவரி ரகசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அதன் பெயர் சேஃப் அட் ஹோம். மாற்று முகவரி ஒன்று கொடுத்து, தபாலை அவர்களே அனுப்பி வைப்பார்கள்.

அப்புறம் மொழி. இதில்தான் நம்மவர்களின் வழக்கு பலவீனமாகிறது. கோர்ட் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும், தமிழ் என்றால் பெரும்பாலும் போனில் வருவார். கணவரின் நண்பரோ உறவினரோ வந்து "நான் சொல்றேன்" என்றால் விடாதீர்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் வந்தாலும் பிரச்சினை தீராது, ஏனென்றால் நம் பேச்சு அப்படி.

"கை நீட்டிட்டார்" என்பாள். தமிழ் தெரிந்த யாருக்கும் அடித்தார் என்று புரியும். ஆங்கிலத்தில் அது கையை நீட்டினார் என்று போனதை என் காதால் கேட்டேன். நீதிபதி தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "கழுத்தைப் பிடிச்சார்" என்பதும் அப்படித்தான். மூச்சு முட்டியதா, கண் இருட்டியதா, எத்தனை நொடி, குரல் கம்மியதா என்று சொன்னால்தான் அது கழுத்தை நெரித்தது. பெரும்பாலான மாநிலங்களில் அது கடுமையான தனிக் குற்றம். "அவங்க அடிச்சாங்க" என்பது இதைவிட மோசம். நாம் மரியாதைக்குச் சொல்கிற "அவங்க" ஆங்கிலத்தில் பல பேர் ஆகிவிடும். எதிர்ப்பக்க வக்கீல் எழுந்து, "முதலில் பலர் அடித்ததாகச் சொன்னீர்கள், இப்போது ஒருவர் என்கிறீர்கள், எது உண்மை?" என்பார். அடித்தவனுக்குக் கொடுத்த மரியாதை அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடும்.

முந்தின நாள் உட்கார்ந்து பழகுங்கள். "கணவர், வலது கையால், என் இடது கன்னத்தில், இரண்டு முறை, சமையலறையில், மார்ச் மாதம், குழந்தை பள்ளிக்குப் போன பிறகு." இப்படி. கேள்விக்கு "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டும் பழக்கத்தையும் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நமக்கு அது "கேட்கிறேன்" என்று அர்த்தம், பதிவில் அது சம்மதம். சொல்லிக் கொடுப்பது வேறு, சொல்லும் விதத்தைத் தெளிவாக்குவது வேறு. நடக்காத எதையும் சேர்க்காதீர்கள்.

என்ன கேட்கலாம்? அருகில் வராதே, வீட்டை விட்டு வெளியேறு, குழந்தைகள் என்னிடம் இருக்கட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பாஸ்போர்ட், ஐ-797, பிறப்புச் சான்றிதழ்களைத் திருப்பித் தரச் சொல்லியும் கேட்கலாம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழந்தை அமெரிக்கக் குடிமகன் என்றால் வெளியுறவுத் துறையின் பாஸ்போர்ட் எச்சரிக்கைத் திட்டத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். யாராவது குழந்தைக்குப் பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தால் அவளுக்குத் தகவல் வரும். அவளே பயந்து குழந்தையோடு சென்னைக்கு விமானம் ஏறிவிடலாம் என்று நினைத்தால் தடுத்து நிறுத்துங்கள். அது இங்கே குழந்தைக் கடத்தல் புகாராக மாறலாம். வக்கீலைக் கேட்காமல் குழந்தையோடு நாட்டை விட்டுப் போகக் கூடாது.

நகை எடுப்பதிலும் ஜாக்கிரதை. தாலியும் தாய் வீட்டு வளையலும் அவளுடையவைதான். ஆனால் லாக்கரை மொத்தமாகக் காலி செய்துவிட்டுக் கிளம்பினால் திருட்டுப் புகார் கொடுப்பார்கள். 2025 ஜனவரியில் வந்த லேக்கன் ரைலி சட்டம், உரிய அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வந்தவர் திருட்டுக் குற்றச்சாட்டில் கைதானாலே, தண்டனை வரும் முன்பே காவலில் வைக்கச் சொல்கிறது. விசாவில் வந்தவர்களுக்குக்கூட ஒரு கைது என்றால் கைரேகை மத்திய அரசுக்குப் போகும். எடுப்பதைப் படம் எடுத்து, பட்டியல் போட்டு எடுங்கள்.

போகும் நாள்

நேரில்தான் போக வேண்டும் என்றால் முந்தின நாள் நீங்கள் தனியாக ஒரு முறை போய்ப் பாருங்கள். எந்த வாசல், எங்கே பார்க்கிங், பாதுகாப்புச் சோதனைக்கு எவ்வளவு நேரம், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனிக் காத்திருப்பு அறை உண்டா என்றெல்லாம். பல இடங்களில் அந்த அறை இருக்கிறது, கேட்காதவர்கள் நடைபாதையில் கணவருக்கு எதிரே மூன்று மணி நேரம் உட்காருகிறார்கள். அவளுடைய காரில் போக வேண்டாம், உங்கள் காரில் போங்கள்.

செல்லுபடியாகும் அந்தஸ்து உள்ளவர் கிரீன் கார்டையோ ஐ-94-ஐயோ கையில் வைத்திருக்கட்டும், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் அதை எடுத்துப் போக வேண்டும் என்பது சட்டம். அந்தஸ்து இல்லாதவர் என்ன எடுத்துப் போகலாம், எதை வீட்டில் வைக்கலாம் என்பதை வக்கீலிடம் கேளுங்கள். வக்கீலின் எண்ணை போனில் மட்டும் வைக்காமல் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளட்டும். போனைப் பிடுங்கிவிட்டால் யாருக்கும் எண் நினைவில் இருக்காது. மாலையில் பள்ளியிலிருந்து குழந்தையை யார் கூட்டி வருவது என்று பெயர் போட்டுப் பள்ளிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். ஏ நம்பர் உங்களிடமும் ஒரு தாளில் இருக்கட்டும். ஒருவேளை பிடித்துப் போய்விட்டால், ஐஸ் இணையதளத்தில் அந்த எண்ணையும் பிறந்த நாட்டையும் போட்டு எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடலாம்.

அதிகாரி வந்துவிட்டால்? அவள் ஓடக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, போலிக் காகிதம் காட்டவே கூடாது. "ஆம் ஐ ஃப்ரீ டு லீவ்?" என்று ஒரு வரி மனப்பாடமாக இருக்கட்டும். போகலாம் என்றால் மெதுவாக நடந்து போகலாம். இல்லையென்றால் எங்கே பிறந்தாய், எப்படி வந்தாய் என்ற கேள்விகளுக்கு, வக்கீலோடு பேச வேண்டும் என்று மட்டும் சொல்லி அமைதியாக இருக்கலாம். பாதுகாப்பு ஆணை வழக்குக்காக வந்திருக்கிறேன் என்பதை உரக்கச் சொல்லலாம், பிரிவு 1367 அங்கேதான் உதவிக்கு வரும். வாரன்ட் காட்டினால் கீழே யார் கையெழுத்து என்று பாருங்கள். ஐ-200, ஐ-205 என்று இருந்தால் அது ஐஸ் அதிகாரியே போட்ட தாள், நீதிபதியுடையது இல்லை. நியூயார்க் போன்ற மாநிலங்களில் அந்த வித்தியாசத்துக்கு எடை அதிகம்.

நீங்கள் என்ன செய்யலாம்? பார்க்கலாம், தொலைவில் நின்று குறித்துக்கொள்ளலாம், வக்கீலுக்கு போன் போடலாம். கோர்ட்டுக்குள் வீடியோ எடுக்கப் பெரும்பாலும் அனுமதி இல்லை. குறுக்கே நிற்கவோ, பின் கதவு வழியாக அழைத்துப் போய் ஒளித்து வைக்கவோ கூடாது. அப்போது மில்வாக்கி கவுண்டி நீதிபதியாக இருந்த ஹன்னா டுகன், 2025 ஏப்ரலில், தன் நீதிமன்றத்துக்கு வந்த ஒருவரை அதிகாரிகளிடமிருந்து தப்பவிட்டார் என்று கைதானார். டிசம்பரில் நடுவர் குழு, அதிகாரிகளின் நடவடிக்கையைத் தடுத்த குற்றத்துக்கு அவரைக் குற்றவாளி என்றது. நீதிபதிக்கே அந்த நிலை என்றால் பச்சைக் கார்டோடு துணைக்குப் போன நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆணை வந்த பிறகு

முதலில் வருவது தற்காலிக ஆணை. நியூ ஜெர்சியில் பத்து நாளுக்குள், கலிஃபோர்னியாவில் சுமார் மூன்று வாரத்துக்குள் முழு விசாரணை. அதற்குப் போகாவிட்டால் தற்காலிக ஆணை காலாவதியாகிவிடும். முதல் நாள் தைரியமாக வந்தவர்கள் இரண்டாம் நாள் வராமல் போவதற்கு இடையில் நடக்கும் சமாதானப் பேச்சுதான் காரணம். ஊரிலிருந்து இரண்டு பக்கத்து அம்மாக்களும் வீடியோ காலில் வந்து அழுவார்கள். அந்த இரண்டு வாரம் அவளைத் தனியாக விடாதீர்கள்.

"ஆர்டர் போட்டா அவர் விசா போயிடும், அப்புறம் எனக்கும் குழந்தைக்கும் கதி?" என்பது இந்த நாட்களில் வரும் கேள்வி. பாதுகாப்பு ஆணை சிவில் விவகாரம், அது மட்டும் இருந்தால் குற்றத் தண்டனை ஆகாது. ஆணையை அவர் மீறினாலோ, குடும்ப வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றாலோதான் அவரை நாடு கடத்தும் காரணமாகலாம். எச்-4 மனைவிக்கு விவாகரத்து முடிந்த அன்றே அந்தஸ்து போய்விடும் என்பது உண்மை. ஆகவே விவாகரத்துத் தேதியை இரண்டு வக்கீல்களும் சேர்ந்து திட்டமிட வேண்டும்.

ஆணை எல்லா மாநிலத்திலும் செல்லும். நியூ ஜெர்சியில் வாங்கியதை டெக்சாஸ் போலீஸும் மதிக்க வேண்டும். சான்றளித்த நகல் நாலைந்து வாங்கி, பள்ளியில் ஒன்று, பையில் ஒன்று, உங்களிடம் ஒன்று வையுங்கள். அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரத்தை மாநிலமோ கோர்ட்டோ இணையத்தில் போடக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டமும் உண்டு.

இனி விசா. கணவர் சிட்டிசன் அல்லது கிரீன் கார்டுக்காரர் என்றால், அவருக்குத் தெரியாமலே, கிரீன் கார்டுக்கு வழி திறக்கும் ஐ-360 படிவத்தில் அவளே மனுப் போடலாம். இதற்கு அரசுக் கட்டணம் இல்லை. போலீஸ் ரிப்போர்ட்டும் கட்டாயம் இல்லை, நம்பத்தகுந்த எந்த ஆதாரமும் எடுத்துக்கொள்வார்கள். விவாகரத்து ஆகிவிட்டால் இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். இரண்டு வருட நிபந்தனைக் கிரீன் கார்டில் இருப்பவர், நிபந்தனையை நீக்கக் கணவரோடு சேர்ந்து மனுப் போட வேண்டும் என்ற விதியிலிருந்து, அவர் கையெழுத்து இல்லாமலே விலக்கு கேட்கலாம்.

எச்-4 பெண்களுக்கு அந்த வழி இல்லை. இதுதான் நம் சமூகத்தில் பலருக்கும் பெரிய ஏமாற்றம். அவர்களுக்கு இருப்பது ஐ-765வி, வேலை செய்யும் அனுமதி மட்டும், அந்தஸ்து தராது. ஆனால் கையில் சம்பளம் வரும். இன்னொன்று யு விசா, குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவியவர்களுக்கானது. போலீஸுக்கோ அரசு வக்கீலுக்கோ உதவியதாக அவர்கள் சான்று தர வேண்டும், நீதிபதியும் தரலாம். ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் என்பதால் வரிசை பல வருடம் நீள்கிறது. அந்தச் சான்றுக்கு ஆறு மாத ஆயுள்தான், வாங்கியதும் மனுவைப் போட்டுவிட வேண்டும்.

பாஸ்போர்ட்டைக் கணவர் வைத்துக்கொண்டு தராவிட்டால், இந்தியத் துணைத் தூதரகத்தில் போலீஸ் புகாரோடு புதிதாகக் கேட்கலாம். விண்ணப்பத்தில் பழைய வீட்டு முகவரி போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பாஸ்போர்ட் தபாலில் வரும், அதைக் கணவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய கதை ஒன்று எனக்குத் தெரியும்.